கூன் செங் சாலையின் பொதுச்சுவர்கள்

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில், ஜூ சியாட் சாலையை ஒட்டி இருக்கிறது கூன் செங் சாலை. எந்த நாள் காலையில் போனாலும் நாலு பேராவது நடைபாதையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார்கள். இளநீலம், ரோஜா, பிஸ்தா பச்சை, வெளிர் மஞ்சள் என்று எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் பூங்கொத்து, பறவை, தோரணம் என்று காரைச் சிற்பம். படம் எடுப்பவர்களின் கண் மாடியிலேயே நிற்கும். பழைய வீடுகளைப் பழுதுபார்த்துப் பழகியவர்கள் முதலில் குனிந்துதான் பார்ப்பார்கள். தரையிலிருந்து மூன்றடிக்குள் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா, சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, அடிச்சுவரைச் சிமெண்டால் பூசி மூடிவிட்டார்களா? அந்த மூன்றடி நன்றாக இருந்தால் மேலே உள்ள பூவேலையும் இன்னும் பல காலம் நிற்கும்.

இந்த வரிசைவீடுகள் எப்படிக் கட்டப்பட்டன, எதனால் கெடுகின்றன, கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதியவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் தென்னந்தோப்பு. பக்கத்துக் காத்தோங் கடலோரத்தில் வசதி உள்ளவர்கள் ஓய்வுக்கென்று பங்களா கட்டி வைத்திருந்தார்கள். இன்று காத்தோங்கில் நின்றால் கடல் கண்ணுக்குப் படாது. 1960களில் தொடங்கிய நிலமீட்பு கடற்கரையைத் தெற்கே தள்ளிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பெரிய அளவில் நிலம் வாங்கியவர் சியூ ஜூ சியாட் என்ற சீன வணிகர். தோப்பின் ஊடே போன பாதை நகராட்சிச் சாலையானபோது அவர் பெயரே அதற்கு நிலைத்தது. நகரத்தில் நெரிசல் கூடக் கூட, 1920களிலும் 30களிலும் தோப்புகள் மனைகளாகி இங்கே வரிசைவீடுகள் எழுந்தன. குடிவந்தவர்களில் பலர் பெரனாக்கான்கள், அதாவது தலைமுறை தலைமுறையாக மலாய் நாட்டில் வாழ்ந்து மலாய்ப் பேச்சும் உடையும் சமையலும் கலந்துபோன சீனக் குடும்பத்தார். ஐரோப்பிய, ஆசிய வம்சம் கலந்த யூரேசியர்களும் இருந்தார்கள். இலங்கைத் தமிழர்களும் இருந்தார்கள். பக்கத்துச் சிலோன் சாலையில் இருக்கும் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் எங்கே என்று சொல்லவே வேண்டாம்.

ஜூ சியாட் சாலையில் இருப்பவை கடைவீடுகள். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் அஞ்சடி. சிங்கப்பூர், மலேசியத் தமிழில் கடை வாசலை ஒட்டிய கூரைவேய்ந்த நடைபாதைக்கு அஞ்சடி என்றே பெயர். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் நகர அமைப்புக் குழுவுக்கு எழுதிய குறிப்பில், ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் குறிப்பிட்ட அகலத்தில் வராந்தா இருக்க வேண்டும், தெரு நெடுக அது எப்போதும் திறந்த பாதையாக இருக்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து தொடங்குகிறது இதன் கதை. அந்தப் பாதை வீட்டுக்காரருடையதா ஊருடையதா என்ற சண்டை பெரிதாகி, 1888இல் கலவரமே நடந்தது.

கூன் செங் சாலையின் வீடுகள் இதிலிருந்து ஒரு படி விலகியவை. இங்கே கடை கிடையாது. வீட்டைத் தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கட்டி, முன்னால் சிறு வாசல் முற்றம், குட்டைச் சுவர், கேட் வைத்திருக்கிறார்கள். நகரத்துக் கடைவீட்டின் உடலை அப்படியே எடுத்து, புறநகர் வாழ்க்கைக்கு ஏற்ற முகம் வைத்த வீடு என்று சொல்லலாம்.

அகலம் பொதுவாக 16 முதல் 20 அடி. நீளம் அதைப்போல் மூன்று மடங்கு, சிலவற்றில் நான்கு மடங்குகூட. இந்த அகலம் யாரோ அழகுக்காகத் தீர்மானித்தது இல்லை. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், அதாவது பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவர். நடுவில் தூண் இல்லாமல் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நேராக மரச்சட்டம் போட வேண்டும். பாலாவ் போன்ற கனத்த மரத்தில் தொய்யாமல் நிற்கும் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் வீட்டின் அகலம். மாடித் தரைப் பலகை, அதன் மேல் நடக்கும் ஆள், கட்டில், பீரோ எல்லாவற்றின் எடையும் இந்தச் சட்டங்களின் வழியாகப் பொதுச்சுவருக்குப் போகிறது. முகப்புச் சுவர் சுமப்பது மிகக் குறைவு. அதனால்தான் அதில் இத்தனை சன்னலும் இத்தனை அலங்காரமும் வைக்க முடிந்தது.

உள்ளே போகும் வரிசை நம் ஊர்க்காரர்களுக்குப் பழகியதாகவே இருக்கும். வாசல் முற்றம், திண்ணை போன்ற முன் வராந்தா, விருந்தினருக்கான முன்கூடம், அதன் பின்னால் முன்னோர் படம் வைத்து வழிபடும் இரண்டாவது கூடம், பிறகு வானம் பார்த்த முற்றம், அதை ஒட்டிச் சமையற்கட்டு, கடைசியில் பின்சந்துக்குத் திறக்கும் கதவு. அக்ரகாரத்து வீட்டில் ரேழி தாண்டி முற்றம் வருவதைப்போல்தான். பின்சந்துகளுக்குத் தனிக் கதை உண்டு. 1907இல் வெளியான டபிள்யூ. ஜே. சிம்ப்சனின் சுகாதார அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில் காற்றும் இல்லை, கழிவை எடுத்துப்போக வழியும் இல்லை என்று கடுமையாக எழுதியது. அதற்குப் பிறகு வந்த வரிசைகளுக்குப் பின்னால் சந்து கட்டாயமாகத் தொடங்கியது. மலவாளி எடுப்பவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். சிங்கப்பூரில் வாளிக் கழிப்பறை முற்றிலும் ஒழிந்தது 1987இல்.

வாசலில் இரண்டு அடுக்குக் கதவு. உட்புறம் கனமான இரட்டைக் கதவு. வெளிப்புறம் ஆளின் நெஞ்சுயரத்துக்கு நிற்கும் செதுக்கு வேலைப்பாட்டு அரைக்கதவு, அதற்குப் பிந்து பாகார் என்று மலாய்ப் பெயர். பகலில் பெரிய கதவைத் திறந்துவைத்து அரைக்கதவை மட்டும் சாத்துவார்கள். காற்று வரும், தெருவில் போகிறவர் பார்வை உள்ளே விழாது. மாடி முன்னறையில் பலகைத் தரையில் சிறு சதுரமாக ஒரு துண்டு தனியாக எடுக்க வருகிற வீடுகள் உண்டு. அதை எடுத்துவிட்டுக் குனிந்தால் நேர்கீழே வாசற்படி. கதவைத் தட்டுவது யார் என்று மாடியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும்போது தரைப்பலகையை மொத்தமாக மாற்றுகிறவர்கள் இந்தத் துண்டை என்னவென்று தெரியாமல் ஆணி அடித்து மூடிவிடுகிறார்கள். பலகை பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டுப் படம் எடுத்து வைக்கச் சொல்வதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

முற்றம் வெளிச்சத்துக்காக மட்டும் வைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 60 அடி நீள வீட்டில் இரு பக்கச் சுவரிலும் ஒரு சன்னல்கூட வைக்க முடியாது. முன்பக்கச் சாய்பலகைச் சன்னல் வழியாக வரும் காற்று எங்காவது வெளியேறினால்தான் மறுபடி காற்று வரும். வெயில் ஏற ஏறக் கூரைக்குக் கீழே சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே எழும், அந்த இடத்துக்கு முன்னாலிருந்து குளிர்ந்த காற்று இழுக்கப்படும். சன்னலுக்கு மேலே முகப்பில் பூவேலை போலத் தெரியும் துளைகளும் அலங்காரத்துக்கு மட்டும் வைத்தவை இல்லை, சன்னலைச் சாத்தினாலும் காற்று நடமாட வைத்தவை. முற்றத்தில் விழும் மழை தரையை நனைத்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துப்போகும். அந்த ஆவியோடு சுவரின் ஈரமும் போகும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தைக் கண்ணாடி போட்டு அடைத்துக் குளிர்சாதனம் ஓட்டத் தொடங்கிய வீடுகளில் சுவர் ஏன் அழுகுகிறது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

சுண்ணாம்பு

பொதுச்சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். கட்டியது சுண்ணாம்புச் சாந்தில், பூசியதும் சுண்ணாம்புக் காரை. 1930களுக்கு வரும்போது சிமெண்டும் புழக்கத்தில் இருந்தது. நேர்கோடும் வடிவியல் உருவமும் கொண்ட ஆர்ட் டெக்கோ பாணி வீடுகளில் கல்சில்லு கலந்து, மேற்பரப்பைக் கழுவித் துகளை வெளிக்காட்டும் ஷாங்காய் பூச்சையும் பார்க்கலாம். ஆகவே ஒரே வீட்டில் சுவர்க் காரை சுண்ணாம்பிலும் முகப்புச் சிற்பம் சிமெண்டிலும் இருக்கலாம். கண்டுபிடிக்க ஓர் ஆணி போதும். கண்ணில் படாத மூலையில் கீறினால் சுண்ணாம்புக் காரை பொடியாக உதிரும், சிமெண்ட் வெறும் கோடு மட்டும் விழுந்து நிற்கும்.

சுண்ணாம்பில் தமிழர்களுக்குச் சிங்கப்பூரில் நேரடிப் பங்கு உண்டு. 1856இல் கட்டத் தொடங்கி 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அதன் உட்சுவருக்கும் தூண்களுக்கும் பூசியது மெட்ராஸ் சுண்ணம். சங்குச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பதமாக்கிப் பூசுவார்கள். காய்ந்த பிறகு வழுவழுப்பான கல்லால் பளபளப்பு வரும்வரை தேய்ப்பார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் தெரிந்ததே. கைதிமுறை 1873இல் முடிந்துவிட்டது. கூன் செங் சாலை வீடுகள் அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு எழுந்தவை, அவற்றில் முட்டை மெருகைத் தேட வேண்டாம். இருப்பது எளிய சுண்ணாம்பு மணல் காரை. ஆனாலும் அதன் குணம் அதே குணம்: ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் விட்டுவிடும்.

மறுபூச்சுக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கடையில் மூட்டையாக வாங்கி அன்றே கலக்கிப் பூசுவது தவறு. சுட்ட சுண்ணாம்பை நீரில் போட்டுக் கொதித்து அடங்கவிட்டு, நுண்ணிய சல்லடையில் வடித்து, மேலே நீர் நிற்கும்படி மூடி வைக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் அதற்கும் மேல். நீர்க்காத துணுக்கு ஒன்று உள்ளே இருந்தால் பூசிய பிறகு அது சுவரிலேயே நீர்த்து உப்பிச் சின்னச் சின்னக் குழிகளாகத் தெறிக்கும். வெண்ணெய்ப் பதத்துக்கு வந்த களிம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. மழையடிக்கும் இடத்துக்கு மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கல் பொடி சேர்த்தால் இறுகல் கூடும். கடல்மணல் கூடவே கூடாது, அதன் உப்பு பின்னால் வட்டியோடு வெளியே வரும்.

முதல் பூச்சு 10 முதல் 12 மில்லிமீட்டர், இரண்டாவது 6 முதல் 8, முகப்பூச்சு 2 முதல் 3. சுவரை முதலில் நன்றாக நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், காரை பிடிக்காது. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ ஒரு வாரம் விட வேண்டும். அதுவரை ஈரச் சாக்கு தொங்கவிட்டு நிழலில் வைக்க வேண்டும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி, அதற்கு நீரும் வேண்டும், பொழுதும் வேண்டும். அவசரப்படும் ஒப்பந்தக்காரர் இங்கேதான் ரகசியமாக அரைக்கரண்டி சிமெண்ட் சேர்ப்பார். அன்று மாலையே கெட்டியாகிவிடும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். அந்தக் கலவை உறுதியான சிமெண்டாகவும் ஆகாது, மூச்சுவிடும் சுண்ணாம்பாகவும் இருக்காது.

ஓதம்

ஓதம் என்பது நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம். பழைய அடித்தளம் ஆழம் குறைந்தது. படிப்படியாக அகன்று இறங்கும் செங்கல் கட்டு, நிலம் இளகலாக உள்ள இடத்தில் அதன் கீழே பாக்காவ் என்னும் அலையாத்தி மரக்கம்பம். சுவரில் ஈரத்தடுப்பு அடுக்கு இருக்காது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், நிலத்தடி நீர் செங்கல்லின் நுண்துளை வழியே மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும். கட்டியவர்களுக்கு அது தெரியும். ஏறும் நீர் காரை வழியாக ஆவியாகிப் போகட்டும் என்று விட்டார்கள். ஏறும் அளவும் ஆவியாகும் அளவும் ஓரடி, இரண்டடி உயரத்தில் சமமாகிவிடும். நீர் கொண்டுவரும் உப்பு அந்த வரம்பில் படிகமாகும், காரை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், சில ஆண்டுக்கொரு முறை அந்த இடத்தை மட்டும் செப்பனிடுவார்கள். காரை தன்னைக் கொடுத்துச் செங்கல்லைக் காப்பாற்றியது.

இதைக் குறை என்று நினைத்தவர்கள் உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசி, மேலே நீர்புகாப் பெயின்ட் அடித்தார்கள். ஈரம் நிற்கவில்லை, வெளியேறும் வழி மட்டும் அடைபட்டது. வழி கிடைக்கும் வரை ஏறும். இரண்டடியில் நின்றது நாலடிக்கு வரும். சிமெண்டுக்குப் பின்னால் உப்பு படிகமாகும்போது அதன் விரிவு செங்கல்லின் முகத்தையே பொடியாக்கும். சிமெண்டைத் தட்டினால் டொக் டொக் என்று வெற்றொலி. பெயர்த்து எடுத்தால் கூடவே செங்கல்லின் அரையங்குலமும் சிவப்பு மாவாகக் கொட்டும். எடையைத் தாங்கும் பொதுச்சுவரில் இது நடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

சரிசெய்யும் முறை இது. முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பாதி வீடுகளில் குற்றவாளி வாசல் முற்றம்தான். பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு, அதன் மேல் இன்னொன்று என்று போட்டதில் வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்து, மழைநீர் சுவரடியில் தேங்குகிறது. அதை அகற்றி, தெருக்கால்வாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்தாலே பிரச்சினை பாதியாகும். அடுத்து அளவீடு. இரண்டு ஊசி வைத்த ஈரமானி உப்புள்ள சுவரில் எப்போதும் அதிகமாகவே காட்டும், அதை மட்டும் நம்பிப் பணம் செலவழிக்கக் கூடாது. சுவரில் வெவ்வேறு உயரத்தில் துளையிட்டுச் செங்கல் தூளை எடுத்து, எடைபோட்டு, 105 டிகிரியில் உலர்த்தி, மறுபடி எடைபோட்டால் கிடைப்பதுதான் உண்மைக் கணக்கு.

பிறகு சிமெண்டை ஈரக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை எடுக்க வேண்டும். சுத்தியலும் உளியும் கொண்டு கையால்தான். அதிர்வுக் கருவி வைத்தால் பக்கத்து வீட்டு ஓடு விழும். உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ள வேண்டும். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். ஈரத்தடுப்பு வேண்டுமென்றால் தரைக்கு அரையடி மேலே உள்ள சாந்து வரிசையில், 12 மில்லிமீட்டர் துளைகளை 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, மறுமுகத்துக்கு 4 சென்டிமீட்டர் முன்னால் நிற்கும்படி போட்டு, நீரை விலக்கும் சிலேன் களிம்பைச் செலுத்துவார்கள். செங்கல்லில் துளையிட்டால் பயன் குறைவு, சாந்து வரிசைதான் சுவர் முழுக்கத் தொடர்ந்து போகும் வழி. பொதுச்சுவரில் இதைச் செய்யும் முன் பக்கத்து வீட்டாரிடம் பேசியே ஆக வேண்டும். சுவர் இருவருக்கும் பாதி. அவர் பக்கத் தரை உயர்ந்திருந்தாலோ அவர் சிமெண்ட் பூசியிருந்தாலோ, ஈரம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். வரிசையில் ஒரு வீடு தனியாக ஆரோக்கியமாக இருக்க முடியாது.

கடைசியாகக் காத்திருக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிமன் உலர ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அதுவரை தற்காலிகமாக மெல்லிய சுண்ணாம்புக் காரை போட்டு வைக்கலாம், அது உப்பை உறிஞ்சி உதிரும், பிறகு பெயர்த்துவிட்டு நிரந்தரப் பூச்சு போடலாம். வீட்டுக்காரர்கள் பொறுமை இழப்பது இந்த ஒன்பது மாதத்தில்தான்.

குளிர்சாதனம் தனிக் கெடுதல். உள்ளே 23 டிகிரி, வெளியே புழுக்கம் என்றால் நீராவி வெளியிலிருந்து குளிர்ந்த பக்கம் நோக்கி நகர்ந்து, உட்பக்கம் பிளாஸ்டிக் சுவர்த்தாளோ எண்ணெய்ப் பெயின்டோ இருந்தால் அதன் பின்னால் நீராகப் படியும், கறுப்புப் பூஞ்சை வரும். குளிர்சாதனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. படுக்கையறையோடு நிறுத்திக்கொண்டு, முற்றத்தைத் திறந்தே விடுங்கள்.

மரமும் கூரையும்

மரச்சட்டம் நடுவில் கெடுவது அபூர்வம், சுவருக்குள் நுழையும் முனையில்தான் கெடும். ஈரச் சுவர் அதை ஊறவைக்கும், பின்னால் கறையான் வரும். சுவரில் பென்சில் தடிமனில் மண்கோடு தெரிந்தால் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடருங்கள். ஒவ்வொரு சட்டத்தின் முனையையும் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரத்தில் நுனி மட்டும் பதியும், கெட்டதில் பாதிக் கம்பி இறங்கும். முழுச் சட்டத்தையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி, அதே இன மரத்துண்டைச் சாய்வாக ஒட்டுப்போட்டு, இருபுறமும் எஃகுத் தகடு வைத்துப் போல்ட் போட்டால் போதும். சட்டத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்காமல் வெட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். முனையைச் சுற்றி அரை அங்குலமாவது காற்று இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியை அழகாகச் சிமெண்ட் வைத்து அடைக்கும் கொத்தனார் அடுத்த கறையானுக்கு இடம் ஒதுக்குகிறார்.

கூரையில் இரண்டு வகை. பழையவற்றில் நம் நாட்டு ஓடு போலக் குழிவும் கவிழ்வுமாக மாற்றி மாற்றி அடுக்கும் சீன ஓடு, பிந்தியவற்றில் சீமை ஓடு மாதிரி ஒன்றோடொன்று கொக்கிக்கும் தட்டையோடு. பொதுச்சுவர் பல வரிசைகளில் கூரைக்கு மேலேயும் எழும்பி நிற்கும், தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க. அந்தச் சுவரும் ஓடும் சேரும் மூலைதான் ஒழுகும் இடம். ஓடு மாற்றும்போது நல்லவற்றைப் பொறுக்கி முன்சரிவில் போட்டு, புதியவற்றைப் பின்சரிவில் போடுங்கள். தெருவிலிருந்து பார்க்கும் கூரையின் நிறம் மாறாது. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தகரக் கால்வாயிலிருந்து மாதம் ஒருமுறை இலை அள்ள வேண்டும்.

முகப்பின் ஓடுகள்

சன்னலுக்குக் கீழே இடுப்பளவில் பதித்த பூவோடுகள் ஆறங்குலச் சதுரம். முதலில் இங்கிலாந்திலிருந்தும் பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்தும் வந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய ஓடுகள் சந்தையைப் பிடித்தன. செட்டிநாட்டு வீடுகளிலும் இதே உறவுக்கார ஓடுகள் உண்டு. புடைப்பான ரோஜாவும் மயிலும் கண்ணாடிப் பூச்சில் மின்னும். ஓடு ஏதாவது கழன்று விழுந்தால் உடனே திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். செய்த நிறுவனத்தின் முத்திரை அங்கே அழுத்தியிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்தால் மாற்று ஓடு தேடும்போது வேலை சுலபம்.

ஓட்டைச் சுத்தம் செய்ய ஆசிட் ஊற்றுபவர்களைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. இணைப்பில் உள்ள சுண்ணாம்பு கரையும், ஈயம் கலந்த பூச்சு மங்கும், மங்கியது திரும்பாது. மென்மையான தூரிகை, காரமில்லாத சோப்பு, நீர் போதும். விரல் கணுவால் தட்டி வெற்றொலி கேட்கும் ஓடுகளில் சிறு பென்சில் குறி போடுங்கள். விழும் நிலையில் இல்லையென்றால் எடுக்காமலே இணைப்பு வழியாக ஊசியால் நீர்த்த சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்தி, ஒரு நாள் பலகை வைத்து அழுத்தி நிறுத்தலாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் இணைப்பை மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிட்டு எடுக்க வேண்டும். சுண்ணாம்புப் படுக்கை என்றால் ஓடு முழுசாக வரும். எவராவது இடையில் சிமெண்டில் ஒட்டியிருந்தால் உடையத்தான் செய்யும்.

விதிகளைப் பற்றி ஒரு பத்தி. 1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை உறையவைத்தது. அது 2001இல் நீங்கும்வரை பல உரிமையாளர்களுக்குப் பழுதுபார்க்கவும் மனமில்லை, இடித்துக் கட்டவும் வழியில்லை. சீரழிவும் அதனால், பல வரிசைகள் தப்பியதும் அதனால். நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989இல் முதல் பாதுகாப்பு வட்டாரங்களை அறிவித்தது. ஜூ சியாட் 1993இல் சேர்ந்தது. முகப்பு, பொதுச்சுவர், கூரை வடிவம், சன்னல் அமைப்பு ஆகியவற்றைக் காப்பாற்ற வேண்டும், பின்பக்கத்தில் புதிதாகக் கட்டலாம். முன்னால் இரண்டு மாடி வீடாகவும் பின்னால் உயர்ந்த புதுக் கட்டடமாகவும் தெரிபவை இப்படி வந்தவைதான். என் கருத்தில், முகப்பை வைத்துக்கொண்டு முற்றத்தை விழுங்கிய வீட்டைப் பாதுகாத்த வீடு என்று சொல்ல முடியாது. எதனால் அந்தச் சுவர் நூறாண்டு நின்றதோ அது போய்விட்டது.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. சன்னல் சட்டத்துக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில், காசளவு இடத்தை மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். நடுவில் செங்கல் தெரியும்போது நிறுத்தினால், சுற்றிலும் மரத்தின் ஆண்டு வளையம் போல ஒவ்வொரு பூச்சும் ஒரு கோடாகத் தெரியும். வெளியே நேற்றைய பிஸ்தா பச்சை, அடுத்து ஒரு பளீர் ரோஜா, ஒரு சாம்பல், அதற்குள் பல வெள்ளை வளையங்கள், அடியில் காவி அல்லது நீலம் கலந்த சுண்ணாம்பு. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் பெயின்ட் வளையம் தோல் போல உரியும், சுண்ணாம்பு வளையம் விரலில் மாவாக ஒட்டும். எந்த வளையத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறதோ, அந்த இடத்துக்கு மேலே உள்ள அத்தனையையும் உரித்தெடுத்துவிட்டு, சுண்ணாம்பிலோ, அதைப்போல மூச்சுவிடும் சிலிக்கேட் பெயின்டிலோ அடிக்க வேண்டும். மெல்லிய கலவையாக நான்கு, ஐந்து கை. ஒவ்வொன்றும் காய ஒரு நாள். மழைமேகம் தெரிந்தால் அன்று தூரிகையைத் தொடாதீர்கள்.